இருபது மில்லி

கான் கானுக்கு வடக்கே அறுபது கிலோமீட்டர்.
கடைசி மரத்தைத் தாண்டி இரண்டு நாளாகிறது.
ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் கூட்டத்தில் பதினெட்டு ஆண்கள்,
மேசையில் கம்பளியைத் தரம் பிரிக்க நான் ஒருத்தி.
பெயர் நெலிதா.
கூப்பிடுகிறவர்கள் "ஏய், மேசை" என்கிறார்கள்.

போன பருவத்தில் பஞ்சுப் பட்டைகளைத்
தாளுக்குள் ஒளித்து, தாளைச் சாக்கில் ஒளித்து,
சாக்கை நாய்கள் இழுத்துப்போய்
கொட்டகை வாசலில் பரப்பி வைத்தன.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே இந்த முறை இந்தக் கிண்ணம்.
திரெலெவ் மருந்துக்கடையில் மூன்று நாள் கூலி.
பெட்டிமேல் இருந்த பெண்
கடற்கரையில் துள்ளிக்கொண்டிருந்தாள்,
வெள்ளைக் கால்சட்டையில்.

தகரக் கழிப்பறை. தாழ்ப்பாளுக்குப் பதில் கம்பி.
காற்று நாலு பக்கமும் தட்டிவிட்டு
மன்னிப்புக் கேட்காமல் போகிறது.
தாளில் சொன்னபடி மடித்தேன்.
விரலை மீறி விரிந்து
தவளை மாதிரி எம்பி
கதவடியில் போய் விழுந்தது.
தண்ணீர்ப் பீப்பாய்க்கும் எனக்கும் நடுவே
எட்டுப் பேர் மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் முயற்சியில் போனது.
போனது, வரவில்லை.
அன்றிரவு டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
குந்தி உட்கார்ந்து தேடினேன்,
முப்பத்து நான்கு வருடமாக
என்னுடையது என்று நம்பியிருந்த உடம்பில்
தெருப்பெயர் தெரியாத அயலூராளாக.
தண்டு வழுக்கியது.
மருத்துவரை நினைத்தேன்,
அவரிடம் கொண்டுபோக வேண்டிய லாரியை,
லாரியை ஓட்டப்போகும் ரமோனை,
வழிநெடுக அவன் வாயை.
ரமோனை நினைத்ததும் எங்கிருந்தோ ஒரு பலம்.
மூச்சை விட்டு முக்கினேன்.
ஓரத்தை நசுக்கினேன்.
முத்தம் பிரிவது போல் ஒரு சின்னச் சத்தம்,
கையில் இருந்தது.

வெளிச்சத்தில் பிடித்தேன்.
பக்கவாட்டில் கோடுகள் போட்டிருந்தார்கள்.
இருபது மில்லியைத் தொடவில்லை.

இவ்வளவுதானா?
இதற்காகவா அத்தனை கறுப்புப் பாவாடை,
எழுந்ததும் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கும் கழுத்து,
நல்ல வெயிலில் இடுப்பில் ஸ்வெட்டர் கட்டி நின்ற
அந்தப் பள்ளிக்கூட மதியங்கள்?
ஒரு காபிக் கோப்பையில்
கால்வாசி தேறாது.

பகலில் கொட்டகையில் எவ்வளவு இரத்தம்.
கத்தி சறுக்கினால் விலாவில் சிவப்பு.
"தார்!" என்று ஒருவன் கத்துவான்,
பையன் ஓடிவந்து பூசுவான், அடுத்த ஆடு.
அதற்காக யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.
என்னுடையதைக் கொட்டகைக்குப் பின்னால் ஊற்றினேன்.
மண் குடித்தது,
எந்த ஆட்டினுடையது என்று கேட்கவில்லை.

கொதிக்க வைப்பதுதான் பெரும்பாடு.
சமையல்காரர் எலாதியோவிடம் சின்னப் பாத்திரம் கேட்டேன்.
"முட்டைக்கா?"
"முட்டை மாதிரி."
ஏழு நிமிடம் அடுப்பை முதுகால் மறைத்து நின்றேன்.
எனக்குப் பின்னால் அது
புரண்டு, பாத்திரத்தை இடித்து,
ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.
அவர் உருளைக்கிழங்கு உரித்தார்.
ஒருதரம் எட்டிப் பார்த்தார்.
இருமினார்.

அடுத்த மாதம் வேறு பண்ணை, அதே காற்று.
சமையல் வண்டியில் அந்தப் பாத்திரம்
தனி ஆணியில் தொங்கியது.
பொருந்தாத மூடி ஒன்றைக் கம்பியால் கட்டியிருந்தார்.
அடியில் ஆணியால் கீறிய என் பெயர்,
ஓர் எழுத்துப் பிழையோடு.

காலையில் ரமோன் அதில் முட்டை வேகவைக்கப் போனான்.
"மாட்டு அதை," என்றார் எலாதியோ.
ஏன் என்று கேட்டவனுக்கு
உரிக்காத கிழங்கு மூட்டையைக் காட்டினார்.

நான் மேசைக்குப் போனேன்.
வயிற்றுக் கம்பளி தனி, முதுகுக் கம்பளி தனி.
கறை பட்டது தனி,
அதற்கும் ஒரு விலை உண்டு.